சுழல மறுத்த சிலிண்டர்: .22 ரெமிங்டன் ஜெட் தோட்டாவும் மாடல் 53 ரிவால்வரும்

1961-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் கைகோத்து ஒரு ரிவால்வரையும், அதற்கென்றே ஒரு தோட்டாவையும் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ரிவால்வரின் பெயர் மாடல் 53. தோட்டாவின் பெயர் .22 ரெமிங்டன் ஜெட்; .22 சென்டர்ஃபயர் மேக்னம் என்றும் அழைப்பார்கள். 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு, எட்டேகால் அங்குலத்துக்கும் சற்று நீண்ட குழலில் விநாடிக்கு 2,460 அடி வேகம், அதாவது சுமார் 750 மீட்டர் என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் கைத்துப்பாக்கிக்கு இது நம்ப முடியாத எண். 1974-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 15,000-க்கு நெருக்கமான ரிவால்வர்களே வெளியே போயிருந்தன.

விற்பனை குறைந்ததற்குப் பல காரணம் சொல்லலாம். ஆனால் இந்த ரிவால்வரைக் கையாண்ட எவரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: சுட்டதும், ஆறு தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் சிக்கிக்கொள்கிறது. முதல் குண்டு போகிறது, இரண்டாவதற்கு விசையை இழுத்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இதே தோட்டா ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியில் எந்தத் தகராறும் செய்வதில்லை. இதே அளவு வேகமுள்ள வேறு தோட்டாக்கள் பிற்காலத்தில் பத்து, இருபது குண்டு கொள்ளும் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் சீராக ஓடின. சிக்கல் வேகத்தில் இல்லை. தோட்டாவின் பித்தளை உறையின் வடிவமும் துப்பாக்கி இயங்கும் விதமும் ஒன்றோடொன்று மோதின. எங்கே, எப்படி மோதின என்பதுதான் இந்த ஆய்வு.

ஏன் இந்த ஈர்ப்பு

சிறிய விட்டம், மிக அதிக வேகம் என்ற சேர்க்கை கைத்துப்பாக்கிக்காரர்களை இன்று நேற்று கவர்ந்ததல்ல. 1896-இல் வந்த மவுசர் சி96-க்கான 7.63 மி.மீ. தோட்டா, 1935-இல் .357 மேக்னம் வரும்வரை, கடையில் கிடைக்கும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களிலேயே அதிவேகமானதாக இருந்தது. சோவியத் ஒன்றியத்தின் 7.62×25 டோக்கரெவ் அதன் நேரடி வாரிசு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம். அதனாலேயே டோக்கரெவ் தோட்டா பழைய மவுசருக்குள் நுழையும். நுழைகிறது என்பதற்காகச் சுடக் கூடாது. பழைய சி96-இன் பூட்டமைப்பு டோக்கரெவ் தோட்டாவின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஈர்ப்பின் மையத்தில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. .357 மேக்னத்தின் வழக்கமான 158 கிரெயின் குண்டு, 10.2 கிராம் எடை, விநாடிக்கு சுமார் 376 மீட்டர் வேகம். அதன் ஆற்றல் ஏறத்தாழ 720 ஜூல். ஜெட்டின் 40 கிரெயின் குண்டு 2.6 கிராம் மட்டுமே. அறிவித்த 750 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றலும் கிட்டத்தட்ட அதே 730 ஜூல். ஆனால் கையில் உணரும் உதைப்பைத் தீர்மானிப்பது உந்தம், ஆற்றல் அன்று. .357-க்கு உந்தம் விநாடிக்கு 3.85 கிலோகிராம் மீட்டர், ஜெட்டுக்கு 1.95. வெடிமருந்தின் வாயு வெளியேறும் உதைப்பையும் சேர்த்தால் இடைவெளி கொஞ்சம் குறையும். ஆனாலும் ஜெட் கையில் துள்ளுவதில்லை. குறிக்கண்ணில் இலக்கை விட்டுவிடாமல் அடுத்த குண்டுக்குத் தயாராகலாம்.

இன்னொன்று, பாதையின் தட்டைத்தன்மை. காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 100 மீட்டரைக் கடக்க ஜெட்டுக்கு 0.13 விநாடி, அதற்குள் புவியீர்ப்பால் 9 சென்டிமீட்டர் விழும். .357-க்கு 0.27 விநாடி, விழுவது 35 சென்டிமீட்டர். உண்மையில் காற்று இரண்டையும் மெதுவாக்கும், இரண்டு எண்ணும் கூடும். ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். 1950-களில் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் காட்டு முயலையும் பிரெய்ரி டாக் என்ற புல்வெளி அணிலையும் ரிவால்வரால் வேட்டையாடியவர்களுக்கு, 80 கஜமா 110 கஜமா என்று மனதுக்குள் அளந்துகொண்டிருக்க வேண்டாம் என்பதே பெரிய வரம்.

இதற்கு விலையும் உண்டு. குட்டைக் குழலில் நிறைய வெடிமருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடும்; மீதி குழல்வாயில் தீப்பிழம்பாகவும் இரைச்சலாகவும் போகும். காதில் அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும், இரண்டும் சேர்த்தே போட வேண்டும். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாகவும் வாயு பக்கவாட்டில் பீறிடும். அந்த வழியாக வேகமும் கசியும். எட்டேகால் அங்குலக் குழலில்கூட 2,460 என்ற எண்ணைச் சுடுகளத்தில் எட்டுவது அபூர்வம், 4 அங்குல, 6 அங்குலக் குழல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே போட்ட ஆற்றல் கணக்கை விளம்பர வேகத்தின் உச்சவரம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறையைப் பார்ப்போம்

ஜெட்டின் தாய் .357 மேக்னம். அதே விளிம்பு, அதே அடிப்பாகம், ஏறக்குறைய அதே நீளம், 32.7 மி.மீ. மேலே மட்டும் .22 குண்டுக்காகச் சுருக்கப்பட்டது. சுருக்கிய விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணமாகப் புட்டிக்கழுத்துத் தோட்டாவில் உடல் நேராகப் போய், ஒரு தோளில் சட்டென்று குறுகி, கழுத்தாகும். ஜெட்டில் அந்தத் தோளை வெட்டாக வைக்காமல் நீண்ட சரிவாக இழுத்துவிட்டார்கள். உடல் எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் தெளிவாகப் பிடிபடாது. உறையின் மேல்பாதி முழுக்கக் கூம்புதான்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. லேக்வில் ஆர்ம்ஸின் ஜிம் ஹார்வி 1950-களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-22 ரிவால்வரை, குறைத்து வெட்டிய .22 ஹார்னெட் உறைக்கு மாற்றிக் கொடுத்தார். கே-சக் என்று பெயர். .22 ஹார்னெட் 1930-இல் வந்த பழைய ரைஃபிள் தோட்டா; அதன் உடலும் சரிவானது. 1940-இல் லைல் கில்போர்ன் என்ற கைவினைத் துப்பாக்கிக்காரர் அந்தச் சரிவை நிமிர்த்தி, தோளைக் கூர்மையாக்கி கே-ஹார்னெட் என்ற வடிவத்தைச் செய்திருந்தார். கே-சக் அந்த வழியைப் பின்பற்றியது. உடலை நிமிர்த்தினால் உறை, தோட்டா உட்காரும் அறையின் சுவரை நன்றாகப் பற்றும் என்பது கைவினைத் துப்பாக்கிக்காரர்களுக்கு ஜெட் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே தெரிந்த செய்தி. பெரிய நிறுவனங்கள் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து.

சுடும் கணத்தில் நடப்பது

ரிவால்வரில் தோட்டாவின் விளிம்பு சிலிண்டரின் பின்முகத்தில் உட்கார்ந்திருக்கும். உறையின் அடிக்கும் துப்பாக்கிச் சட்டத்தின் பின்தகட்டுக்கும் இடையே மெல்லிய வெளி வேண்டும். அது இல்லாவிட்டால் சிலிண்டர் சுழலாது. வழக்கமாகக் கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும் இந்த வெளிதான் சிக்கல் தொடங்கும் இடம்.

தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியான ஃபைரிங் பின் அடித்ததும் உறை முன்னால் தள்ளப்பட்டு விளிம்பு ஊன்றி நிற்கிறது. அடியில் உள்ள தீமூட்டியான பிரைமர் வெடிக்கிறது, வெடிமருந்து பற்றுகிறது. அழுத்தம் ஏற ஏற, உறைச் சுவர் வெளியே உப்பி அறையோடு ஒட்டுகிறது. அதே அழுத்தம் உறையின் அடியைப் பின்னால் தள்ளுகிறது. எடுத்துக்காட்டுக்கு, சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டு அழுத்தம் என்றும், உறையின் உட்புற அடி 8 மி.மீ. விட்டம் என்றும் வைத்துக்கொண்டால், பின்னோக்கிய விசை ஏறத்தாழ 1.4 டன் எடைக்குச் சமம். இந்த விசையைத் தடுப்பது இரண்டு: சுவரின் உராய்வு, பின்தகடு.

.38, .357, .44 போன்ற நேர்ச்சுவர் உறைகளில் சுவரின் முழு நீளமும் அறையைப் பற்றிப் பிடிக்கிறது. பற்று தளர்ந்து உறை பின்னால் நகர்ந்தாலும், சுவரோடு உரசிக்கொண்டேதான் நகரும். அழுத்தம் இறங்கியதும் பித்தளை ஒரு இம்மி சுருங்கித் தளர்ந்துவிடும். அடுத்து சிலிண்டர் சுழலும்போது உறை தானாக முன்னால் சரிந்து இடம் கொடுக்கும். முன்னால் அதை மறிக்க ஒன்றுமில்லை.

கூம்பு உறையில் கதை மாறுகிறது. அது ஒரு நூலிழை பின்னால் வந்தாலே, சரிந்த சுவருக்கும் அறைக்கும் இடையே வெளி விழுந்துவிடும். பற்றிய இடமெல்லாம் விட்டுப்போகும். அழுத்தம் இன்னும் உச்சத்தில் இருப்பதால், அந்த வெளியை நிரப்பப் பித்தளை மறுபடி ஊதும். அதாவது உறை பின்தகட்டில் முட்டி நிற்கும் நிலையிலேயே, அறையின் சரிவுக்கு ஏற்பப் புது வடிவம் எடுத்துவிடுகிறது. அடியிலிருந்து தோள்வரை உள்ள நீளம் இப்போது கூடிவிட்டது. சரியாகச் சொன்னால், பின்தகட்டுக்கும் அறையின் சரிவுக்கும் இடையே உள்ள தூரத்துக்குச் சமமாகிவிட்டது. அழுத்தம் போன பிறகும் உறையால் முன்னால் போக முடியாது. முன்னால் சரிவு மறிக்கிறது, பின்னால் தகடு மறிக்கிறது. இரண்டுக்கும் நடுவே அடித்த ஆப்பைப்போல் உறை நிற்கும்.

இந்த நிலையில் சிலிண்டர் திரும்ப வேண்டுமானால், உறையின் அடி பின்தகட்டின்மேல் குறுக்கே உரசிச் செல்ல வேண்டும். அதற்கான பலம் விசையை இழுக்கும் விரலிலிருந்து வர வேண்டும். வராது. வலுக்கட்டாயமாக இழுத்தால் சிலிண்டரைத் திருப்பும் நெம்புகோலும் அது தள்ளும் பற்களும் தேயும், பிறகு சிலிண்டர் குழலோடு நேர்கோட்டில் வந்து நிற்பதே கெடும். அந்த நிலையில் துப்பாக்கி சுடவே ஆபத்தானது.

சுட்டு எடுத்த ஜெட் உறையைக் கையில் வைத்துப் பார்த்தால் நடந்தது அத்தனையும் தெரியும். அடியில், பிரைமரைச் சுற்றி, சிலிண்டர் திரும்பிய திசையில் வளைவாக ஒரு பளபளப்பான உரசல் தடம் இருக்கும். புதுத் தோட்டாவைப் பக்கத்தில் வைத்து விளிம்பைச் சமமாக்கினால், சரிவு தொடங்கும் இடம் சுட்ட உறையில் மேலே ஏறியிருக்கும். விளிம்புக்குச் சற்று மேலே மெல்லிய வெளிர் வளையம் தெரிந்தால், பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது; அந்த உறையை மறுபடி நிரப்பக் கூடாது. உள்ளே வளைந்த கம்பி ஒன்றை விட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தால், மெலிந்த இடத்தில் பள்ளம் நுனியில் தட்டும்.

எண்ணெய்தான் முதல் எதிரி

மாடல் 53-ஐச் சிக்கவைக்க விரும்பினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சுத்தம் செய்த பிறகு அறைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டுவைப்பது. எண்ணெய் இருந்தால் உராய்வு போச்சு. சுவர் பற்றாது. 1.4 டன்னும் நேராகப் பின்தகட்டுக்கே போகும். துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் போடுவது துப்பாக்கிக்காரர்களுக்கு ஊறிப்போன பழக்கம் என்பதால், இந்த ரிவால்வருக்குக் கெட்ட பெயர் வந்ததில் எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே சுடும் முன்பு ஆறு அறைகளையும் ஆல்கஹாலிலோ விரைவில் ஆவியாகும் கரைப்பானிலோ நனைத்த துணித்துண்டால் துடைத்து, பிறகு உலர்ந்த துண்டால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். துண்டு வெள்ளையாக வெளியே வந்தால் மட்டும் போதாது. விரல்நுனியில் வழுவழுப்பு இருக்கக் கூடாது. தோட்டாக்களையும் துடைக்க வேண்டும். கையின் வியர்வையும் துப்பாக்கி உறையிலிருந்து ஒட்டும் தோல் எண்ணெயும் கணக்கில் உண்டு. சுட்ட உறையை மறுபடி நிரப்பும் ரீலோடிங் செய்பவர்கள், உறைக்கு வடிவம் தரும் அச்சில் அதை ஏற்றத் தடவும் மசகை முழுவதும் கழுவி எடுத்தாக வேண்டும். இங்கே சோம்பல் பட்டால் அடுத்த சுடுகளத்தில் பலன் தெரியும். சுடும் இடைவெளியில் பித்தளைத் தூரிகையால் அறைகளைத் தேய்ப்பதும் உதவும். வெடிமருந்துக் கரி படிந்தால் உறை முழுவதும் உள்ளே போகாது, விளிம்பு உயர்ந்து நிற்கும்.

ரீலோடிங்கில் இன்னொரு வழி உண்டு. ஒருமுறை சுட்டு அறையின் வடிவம் எடுத்த உறையை முழுவதுமாக அச்சில் அமுக்காமல், கழுத்தை மட்டும் இறுக்கினால், தோள் ஏற்கெனவே அறைச் சரிவில் உட்கார்ந்திருக்கும். உறை பின்னால் ஓட இடமே குறைவு, ஆகையால் அடுத்த சுடலில் இழுபடுவதும் குறைவு. ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் இது அருமையான வழி. ரிவால்வரில்தான் ஒரு முட்டுக்கட்டை: ஆறு அறைகளும் மயிரிழை அளவில் ஆறு விதம். மூன்றாம் அறையில் சுட்ட உறை ஐந்தாம் அறையில் முழுவதும் இறங்காமல் போகலாம். அறைக்கு ஓர் அடையாளம் போட்டு உறைகளைப் பிரித்துவைப்பவர்களும் உண்டு. இல்லையேல் ஆறு அறையிலும் இறங்கும் அளவுக்கு மட்டும் தோளைக் கொஞ்சமாகப் பின்தள்ளுகிறார்கள். வெடிமருந்தின் அளவை எப்போதும் அச்சிட்ட, சோதித்த அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும். இந்தத் தோட்டாவில் ஊகத்துக்கு இடமில்லை, கொஞ்சம் கூடினாலும் முதலில் சிக்குவது சிலிண்டர்.

குண்டின் விட்டமும் கவனிக்க வேண்டியது. இன்றைய .22 ரைஃபிள் குண்டுகளின் விட்டம் 0.224 அங்குலம். ஜெட்டின் குண்டு 0.222. ஹார்னடி நிறுவனம் 0.222 விட்டத்தில் 40 கிரெயின் குண்டை ஜெட் என்ற பெயரிலேயே தயாரித்தது. தடித்த குண்டைத் திணித்தால் அழுத்தம் ஏறும். குழலை அளந்து பார்க்காமல் 0.224 குண்டைப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

தொழிற்சாலைத் தோட்டா அரிதாகிவிட்டதால் பலர் .357 உறையிலிருந்தே ஜெட் உறையைச் செய்துகொள்கிறார்கள். தாய் உறை அதுதான் என்பதால் விளிம்பும் அடியும் பொருந்திவிடும். கழுத்தை ஒரே அடியில் சுருக்கினால் சரிவில் மடிப்பு விழும், அல்லது உறை நசுங்கி நெளியும். இரண்டு மூன்று அச்சுகளில் படிப்படியாக இறக்க வேண்டும். மேல்பகுதியை மட்டும் சூடாக்கித் தணித்துப் பித்தளையை இளக்கிக்கொள்ள வேண்டும். சூடு அடிப்பாகத்துக்குப் பரவினால் அங்கேயும் இளகிவிடும், இளகிய அடி அழுத்தம் தாங்காது. அதனால் அடியைத் தண்ணீரில் நிற்கவைத்து மேலே மட்டும் சுடர் காட்டுவார்கள். முடிந்ததும் நீளத்தை வெட்டிச் சமப்படுத்தி, கழுத்தின் தடிமனையும் பார்க்க வேண்டும். .38 அளவு வாய் .22 ஆகும்போது பித்தளை தடித்துவிடும். தடித்த கழுத்து அறையில் இறுகினால் குண்டை விட இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

சிக்கிவிட்டால்

குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரலை விசையிலிருந்து எடுங்கள். சிலிண்டரில் இன்னும் ஐந்து உயிருள்ள தோட்டா இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. சுட்டது சத்தமாகக் கேட்டதா, தாமதமாகப் பற்றும் தோட்டாவா என்று சந்தேகம் இருந்தால் அரை நிமிடமாவது அப்படியே காத்திருக்க வேண்டும். பிறகு தாழ்ப்பாளை அழுத்தி, உள்ளங்கையால் சிலிண்டரை இடப்பக்கம் தள்ளிப் பார்க்கலாம். பெரும்பாலும் கைப்பலத்துக்கே வந்துவிடும். வராவிட்டால் சுத்தியலால் தட்ட வேண்டாம். தட்டினால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளையும். துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம், தோட்டா உள்ளே இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிக் கொடுங்கள்.

இரண்டு ஃபைரிங் பின்

மாடல் 53-இன் இன்னொரு கவர்ச்சி, ஒரே துப்பாக்கியில் விலை குறைந்த .22 லாங் ரைஃபிளையும் சுடலாம் என்பது. அதற்காக ஆறு எஃகுச் செருகுகுழல்கள் கூடவே வரும். அவற்றை அறைகளில் நுழைத்து, உள்ளே .22 போட வேண்டும். .22 லாங் ரைஃபிளின் பிரைமர் கலவை விளிம்புக்குள் இருக்கிறது, ஜெட்டுக்கு நடுவில். ஆகவே சட்டத்தில் இரண்டு ஃபைரிங் பின்கள், ஒன்று நடுவில், ஒன்று அதற்கு மேலே. எது அடி வாங்க வேண்டும் என்பதைச் துப்பாக்கியின் சுத்தியலில் (ஃபைரிங் பின்னை அடிக்கும் பகுதி) உள்ள சிறு நெம்பு தீர்மானிக்கும்.

அழகான வேலைப்பாடு. நடைமுறையில் தகராறு இங்கேதான்: நெம்பு தவறான பக்கம் இருந்தால் எந்தத் தோட்டாவும் வெடிக்காது. ஜெட்டின் விளிம்புப் பக்கத்தில் அடி விழும், அங்கே பிரைமர் இல்லை. .22-இன் நடுவில் அடி விழும், அங்கேயும் ஒன்றுமில்லை. “தோட்டா மோசம்” என்று நினைப்பதற்கு முன்பு அடித்தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். செருகுகுழலோடு சுட்ட பிறகு வெற்று உறைகளைத் தனித்தனியாகக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். ஆறு குண்டுக்கு ஒருமுறை இந்த வேலை என்றால், பொழுதுபோக்காகச் சுட வந்தவரின் பொறுமை சோதிக்கப்படும். செருகுகுழல் இல்லாமல் .22 லாங் ரைஃபிளை ஜெட் அறையில் நேராகப் போடவே கூடாது. சுவரின் தாங்கல் இல்லாத மெல்லிய உறை கிழிந்துவிடும்.

அதே நோய், வேறு மருந்து

வின்செஸ்டரும் அதே காலத்தில், 1960-இல், .357 உறையை .25 குண்டுக்குச் சுருக்கி .256 வின்செஸ்டர் மேக்னம் என்று அறிவித்தது. 60 கிரெயின் குண்டு, 2,350 அடி வேகம். ரூகர் நிறுவனம் இதைத் தன் பிளாக்ஹாக் ரிவால்வரில் கொண்டுவர முயன்றது, உறை பின்னால் தள்ளிச் சிலிண்டரைக் கட்டிப்போடும் அதே சிக்கலைச் சந்தித்தது. அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது: சிலிண்டரையே எடுத்துவிட்டார்கள். 1963-இல் வெளிவந்த ஹாக்ஐ தூரத்திலிருந்து பார்த்தால் பிளாக்ஹாக்தான். சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் திரும்பும் ஒரு அடைப்புக் கட்டை. அறை குழலிலேயே இருக்கிறது. ஒரு நேரம் ஒரே தோட்டா. ஆறு குண்டு வேண்டியவர்கள் வாங்கவில்லை, ஒற்றைத் தோட்டாவில் துல்லியம் தேடியவர்களுக்கு ரெமிங்டன் அதே ஆண்டு இன்னும் நல்லதைக் கொடுத்தது. ஹாக்ஐ சில ஆயிரங்களோடு நின்றுபோய், இன்று சேகரிப்பாளர் பொருள்.

ரெமிங்டன் கொடுத்தது எக்ஸ்பி-100, அதோடு .221 ஃபயர்பால். ரைஃபிளைப்போல் போல்ட் இழுத்துச் சுடும் கைத்துப்பாக்கி, நைலான் உடல், பத்தே முக்கால் அங்குலக் குழல். .222 ரெமிங்டன் ரைஃபிள் உறையை 43.2 மி.மீ.-இலிருந்து 35.6 மி.மீ. ஆக வெட்டிய தோட்டா. 50 கிரெயின் குண்டு 2,650 அடி வேகத்தில். அழுத்தம் ஜெட்டைவிடக் குறைவில்லை. ஆனாலும் பின்தள்ளல் என்ற பேச்சே இல்லை. போல்ட்டின் முகம் உறையின் அடியை நேர் பின்னாலிருந்து அணைக்கிறது. திறக்கும்போது முதலில் சுழற்சியால் நெம்பித் தளர்த்தி, பிறகு அச்சோடு நேராகப் பின்னால் இழுக்கிறது. உறையின் அடி எதன்மேலும் பாரத்தோடு குறுக்கே உரச வேண்டியதில்லை. பிடி நடுவில் இருப்பதால் விசையையும் பின்னால் உள்ள இயந்திரத்தையும் நீண்ட தண்டு ஒன்று இணைக்கிறது. விசையின் உணர்வு ரைஃபிள் அளவுக்குத் தெளிவாக வராததற்கு அதுவே காரணம். துல்லியத்தில் குறையே சொல்ல முடியாது.

ஜெட்டைப் பழுதில்லாமல் சுட விரும்புகிறவருக்கு தாம்ப்ஸன் சென்டர் கன்டெண்டர்தான் சரியான வீடு. 1967-இல் வந்த குழலை மடக்கித் திறக்கும் இந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு ஜெட், .256 இரண்டுக்கும் குழல் செய்தார்கள். உறை இறுகினால் திறப்பது கொஞ்சம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். சிலிண்டர் இடைவெளி இல்லாததால் வேகமும் கசிவதில்லை.

வழுக்கல் தேவைப்படும் இடம்

ஜெட்டில் எண்ணெய் எதிரி என்று பார்த்தோம். எஃப்என் ஹெர்ஸ்டால் உருவாக்கிய 5.7×28-இல் நிலைமை நேர் எதிர். இந்தப் பெல்ஜியத் தோட்டா முதலில் பி90 துப்பாக்கிக்காக வந்தது. ஃபைவ்-செவன் கைத்துப்பாக்கி 1998-இல் சேர்ந்தது. 2021-இல் நேட்டோ தரநிலையும் கிடைத்தது. உச்ச அழுத்தம் 345 மெகாபாஸ்கல், ரைஃபிளுக்கு நெருக்கமான எண். ஃபைவ்-செவன் தாமதப்படுத்திய பின்னடிப்பு முறையில் இயங்குகிறது. உறைக்குள் அழுத்தம் முழுவதும் இறங்குவதற்கு முன்பே அது அச்சோடு பின்னால் நகரத் தொடங்கிவிடும். சுவர் அறையை இறுகப் பற்றினால் அடி ஒருபக்கம் போக, உடல் மறுபக்கம் நின்று, உறை நடுவில் கிழியும். அதனால் தொழிற்சாலையிலேயே உறைமேல் வழுக்கும் மெல்லிய பூச்சு கொடுக்கிறார்கள்.

5.7 உறைகளை மறுபடி நிரப்புகிறவர்கள் முதலில் தவறும் இடமும் இந்தப் பூச்சுதான். மற்றப் பித்தளையைப்போல் எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டிப் பளபளப்பாக்குவார்கள், பூச்சு போய்விடும், அடுத்த முறை உறை அறையில் ஒட்டும், உறையை இழுத்தெடுக்கும் கொக்கி விளிம்பைக் கிழிக்கும். மென்மையாகக் கழுவி உலர்த்துவதோடு நிறுத்த வேண்டும். பூச்சு உரிந்த உறையைக் குப்பையில் போடுவதே மேல். தோள் ஒவ்வொரு சுடலிலும் முன்னால் ஏறுவதால் அதை அளந்து, துப்பாக்கி மூடும் அளவுக்குப் பின்தள்ளவும் வேண்டும். கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு முழுவதும் மூடாது.

பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் கொண்டுவந்த .22 டிசிஎம் இடைப்பட்ட வழி. டுவாசன், கிரெய்க் என்ற இருவர் பெயரின் முதலெழுத்துகளோடு மைக்ரோமேக்னம் சேர்ந்த சுருக்கம். .223 ரைஃபிள் உறையைக் குட்டையாக்கி, 1911 வகைக் கைத்துப்பாக்கியின் .38 சூப்பர் அளவு மேகசினில் (தோட்டாக்கூட்டில்) அடங்கும்படி செய்தார்கள். 5 அங்குலக் குழலில் 40 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,000 அடியை ஒட்டி, 610 மீட்டர். ஆற்றல் 480 ஜூல்; 124 கிரெயின் 9 மி.மீ. குண்டு தருவதும் அந்த அளவே, உந்தம் மட்டும் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். உறையின் விளிம்பு 9 மி.மீ.-க்கு நெருங்கிய அளவு என்பதால், குழலையும் சுருள்வில்லையும் மாற்றினால் அதே துப்பாக்கி 9 மி.மீ. சுடும். வில்லை மாற்ற மறந்தால்தான் வம்பு: டிசிஎம்மின் மெல்லிய உதைப்புக்கு ஏற்ற இளகிய வில்லோடு 9 மி.மீ. சுட்டால் ஸ்லைடு சட்டத்தில் மோதும். இறுகிய வில்லோடு டிசிஎம் சுட்டால் ஸ்லைடு பாதியில் நின்று வெற்று உறை கவ்விக்கொள்ளும். 9 மி.மீ. நீளமுள்ள மேகசினுக்காக 9ஆர் என்ற குட்டை வடிவம் தனியாக உண்டு. நீளமான டிசிஎம் அந்த மேகசினுக்குள் போகாது.

டிசிஎம்முக்குப் பூச்சு தேவைப்படுவதில்லை, ஏனென்றால் 1911-இன் குழல் ஸ்லைடோடு பூட்டியே சற்று தூரம் பின்னால் போகிறது. அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும். புட்டிக்கழுத்து வடிவம் இங்கே உதவியும்கூட: சின்ன மூக்கு பெரிய அறைக்குள் நுழைவதால் தோட்டா ஏறுவது வெகு எளிது.

பழைய மாடல் 53 வாங்குகிறவர் பெட்டியில் ஆறு செருகுகுழலும் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணட்டும். தொலைந்துபோனால் தேடிப்பிடிப்பது கடினம். பிறகு வெறும் துப்பாக்கியில், தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுத்து ஒவ்வொரு அறையும் பூட்டு விழும் சத்தத்தோடு நிற்கிறதா என்று கேட்க வேண்டும். சுத்தியல் முழுவதும் பின்னால் வந்த பிறகும் சிலிண்டர் பூட்டாமல் தள்ளாடினால், யாரோ சிக்கிய சிலிண்டரை விசையால் வலுக்கட்டாயமாகத் திருப்பியிருக்கிறார்கள். பின்தகட்டில் ஃபைரிங் பின் துளைகளைச் சுற்றிப் பித்தளை நிறத்தில் வட்டமாகத் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். லேசான தடம் எல்லா மாடல் 53-இலும் இருக்கும். நகத்தால் தடவும்போது துளையின் ஓரம் மேடாகத் தட்டினால், ஜெட்டுக்காக அதை வாங்க வேண்டாம்.